பிறப்பின் குறையா, வளர்ப்பின் குறையா?



பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரை வழியில் கண்ட சீடர்கள் இயேசுவிடம் கேட்ட கேள்வி நமக்கு நன்கு தெரிந்ததே. யோவான் நற்செய்தியின் 9ஆம் பிரிவில் அதை வாசிக்கிறோம். அந்த மனிதரின் நிலைக்கு அவரே செய்த பாவம் காரணமா, அவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று அவர்கள் விசாரிக்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிடுகிறார். மறுத்த கையோடு மண்ணைச் சேறாக்கி அந்தக் கண்களில் பூசுகிறார்.

சீடர்களின் கேள்வியை நாம் இன்னும் விட்டபாடில்லை. சொற்கள்தான் மாறியிருக்கின்றன. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை ஒரு வீட்டில் பிறந்தால், "உன் வம்சத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்ற கேள்வி முதலில் மருமகளை நோக்கித்தான் போகிறது. மகன் குடித்தால் அப்பன் இரத்தம் என்கிறோம். படிக்காவிட்டால் தாய் வளர்த்த இலட்சணம் என்கிறோம். மரபணு என்ற சொல் செய்தித்தாள்களில் அடிபடத் தொடங்கிய பிறகு, "எல்லாம் ஜீன், நாம் என்ன செய்ய முடியும்?" என்று கை விரிப்பதும் சேர்ந்துகொண்டது. மனிதரின் உடல்நலத்தையும் குணத்தையும் உருவாக்குவது மரபணுவா, சூழலா? அறிவியல் இதற்குச் சொல்லும் பதில், நம்மில் பலர் எதிர்பார்ப்பதுபோல் 'இது பாதி, அது பாதி' என்பதல்ல. ஒரு நோயின் கதையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

1930களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தது பெண், இளையது ஆண். பிறந்தபோது இருவரிடமும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல மகளின் வளர்ச்சி பின்தங்கியது. அவளால் சில சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை. மகனோ நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பிள்ளைகளிடமிருந்து எப்போதும் ஒரு பூஞ்சண வாடை வருவதை அந்தத் தாய் கவனித்தார். மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கி இதைச் சொன்னார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1934இல் ஆஸ்லோ நகர மருத்துவரும் வேதியியல் அறிஞருமான ஆஸ்பியோர்ன் ஃபோலிங் அவருக்குச் செவிகொடுத்தார். பிள்ளைகளின் சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்துப் பார்த்தபோது, செம்பழுப்பு நிறம் வர வேண்டிய இடத்தில் கரும்பச்சை நிறம் வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு லிட்டர் கணக்கில் சிறுநீர் தேவைப்பட்டது. அந்தத் தாய் சலிக்காமல் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பினைல்பைருவிக் அமிலம் என்ற பொருள் இருப்பதை ஃபோலிங் கண்டறிந்தார். பின்னர் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்து, மேலும் 8 பேரிடம் அதே பொருளைக் கண்டார். பினைல்கீட்டோனூரியா என்று இன்று அழைக்கப்படும் நோய் இவ்வாறு உலகுக்குத் தெரியவந்தது. மருத்துவ நூல்கள் ஃபோலிங்கின் பெயரைச் சொல்கின்றன. அந்தத் தாயின் மூக்குக்கும் பொறுமைக்கும் இதில் சரிபாதி பங்கு உண்டு என்று நாம் சொல்வோம்.

நோயின் தன்மை இதுதான். பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றில் உள்ள புரதத்தில் பினைலலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நம் கல்லீரலில் சுரக்கும் ஒரு நொதி அதை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியை உருவாக்கும் மரபணு 12ஆம் குரோமோசோமில் உள்ளது. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக அதன் இரண்டு பிரதிகள் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே பழுதானால் பினைலலனின் இரத்தத்தில் தேங்கி, வளர்ந்துவரும் மூளையைக் கெடுக்கிறது.

ஆக, பெற்றோர் இருவரும் முழு நலத்துடன் இருப்பார்கள்; தங்களிடம் ஒரு பழுதான பிரதி இருப்பது அவர்களுக்கே தெரியாது. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கின் அடிப்படையைக் கண்டவர் யார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர் இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் இருந்த புனித அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டல். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, மறைந்திருக்கும் பண்பு அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றாகத் திரும்பத் தோன்றுவதை 1865இல் அவர் எடுத்துரைத்தார். 1884இல் அவர் இறக்கும்வரை அதன் சிறப்பை உலகம் உணரவில்லை. 1900இல்தான் உணர்ந்தது.

இந்த இடத்தில் நம் வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே பழுதான பிரதி கணவன், மனைவி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு, அவர்கள் இரத்த உறவினர்களாக இருந்தால் கூடுகிறது. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1091ஆம் சட்டம் நான்காம் படி வரையிலான பக்கவழி இரத்த உறவைத் திருமணத் தடையாக வைத்திருப்பதும், அதனால் ஓலை வாசிக்கும் முன் ஆயரிடம் விதிவிலக்கு கேட்க வேண்டியிருப்பதும் நாம் அறிந்ததே. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறோம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அதைவிட முக்கியம். அதே வேளையில் மிகைப்படுத்தவும் கூடாது. எந்தத் தம்பதியருக்கும் பிறவிக் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றால், மாமன் மகள் - அத்தை மகன் திருமணத்தில் மேலும் இரண்டு, மூன்று கூடுகிறது. தாய்மாமன் திருமணத்தில் அதைவிடச் சற்று அதிகம். உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆகவே ஏற்கெனவே மணந்துகொண்டவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்க யாருக்கும் உரிமையில்லை.

நோயின் கதைக்குத் திரும்புவோம். காரணம் தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் மருந்து இல்லை. மரபணுவில் உள்ள பழுது, ஒன்றும் செய்ய இயலாது என்றே கருதப்பட்டது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பெர்ல் பக்கின் மகளுக்கும் இதே நோய்தான். ஊனமுற்ற பிள்ளைகளைக் குடும்பங்கள் மறைத்துவைத்த அந்தக் காலத்தில், 1950இல், அவர் தம் மகளைப் பற்றித் துணிந்து எழுதினார்.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மற்றொரு தாய் வருகிறார். அவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு நிற்கவோ பேசவோ தெரியாது. ஓயாத அழுகை வேறு. மருத்துவர் ஹார்ஸ்ட் பிக்கல் நோயின் பெயரைச் சொன்னார். பெயரை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வார்? ஒவ்வொரு நாளும் காலையில் வந்து நின்று, "என் பிள்ளைக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நற்செய்தியில் நடுவரை விடாமல் தொந்தரவு செய்த கைம்பெண்ணை நாம் நினைத்துக்கொள்ளலாம். பிக்கலும் அவருடைய தோழர்களும், பினைலலனினை நீக்கிய புரத உணவு ஒன்றை ஆய்வகத்தில் தயாரித்தார்கள். மூளைக்கு நஞ்சாவது உணவிலிருந்து வருகிறது என்றால் உணவையே மாற்றிப் பார்ப்போமே என்பதுதான் எண்ணம். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நிற்கக் கற்றது, அழுகை அடங்கியது, வெளிறிய தலைமுடி கருமையடைந்தது.

இது உணவின் பலன்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரிவிக்காமலே பினைலலனினை மீண்டும் உணவில் சேர்த்தார்கள். சில நாட்களிலேயே குழந்தை பழைய நிலைக்குச் சரிந்தது. பெற்றவருக்குச் சொல்லாமல் இப்படிச் செய்ததை இன்று எந்த மருத்துவ அறநெறிக் குழுவும் ஏற்காது. நாமும் ஏற்க முடியாது. எனினும் 1953இல் வெளியான அந்த ஆய்வு ஓர் உண்மையை நிறுவியது. முற்றிலும் மரபணுவால் வரும் நோயை ஒரு தட்டு உணவு தடுக்க முடியும். அந்தக் குழந்தைக்கு ஏற்பட்டிருந்த மூளைச் சேதத்தை முழுமையாகத் திருப்ப முடியவில்லை என்பது வருத்தமான செய்தி. பிறந்த சில வாரங்களுக்குள் உணவை மாற்றினால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

அதற்கு, நோய் தலைகாட்டும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும். வழி கண்டவர் அமெரிக்காவின் இராபர்ட் கத்ரீ. அவருடைய மகன் ஒருவன் மனவளர்ச்சி குன்றியவன். உறவினர் வீட்டுக் குழந்தைக்கு இந்த நோய் இருந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலரவைத்துச் சோதிக்கும் எளிய முறையை அவர் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதற்காகக் காப்புரிமைத் தொகை எதையும் அவர் பெறவில்லை. இன்று பல நாடுகளில் இச்சோதனையால் கண்டறியப்பட்ட குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை பார்க்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களுடைய மரபணு அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை இல்லா இனிப்பு மாத்திரையின் அட்டையில் பினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது இவர்களுக்கான எச்சரிக்கைதான்.

இப்போது சொல்லுங்கள், இது மரபணு நோயா, உணவு நோயா? மரபணு பழுதாகாவிட்டால் நோய் இல்லை. அந்த உணவை உண்ணாவிட்டாலும் நோய் இல்லை. இதில் எத்தனை விழுக்காடு யாருடையது என்று பிரிப்பது, செவ்வகத்தின் பரப்புக்கு நீளம் எவ்வளவு காரணம், அகலம் எவ்வளவு காரணம் என்று கேட்பதைப் போன்றது. இன்னும் ஒரு படி மேலே போகலாம். இந்நோயுள்ள ஒரு பெண் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்ட நிலையில் கருவுற்றால், அவருடைய இரத்தத்தில் மிகுந்திருக்கும் பினைலலனின் கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் இதயத்தையும் பாதிக்கிறது. குழந்தைக்கு நோய் மரபணு இரண்டு பிரதியாக வந்திராவிட்டாலும் இது நடக்கும். அம்மாவின் மரபணு குழந்தைக்குச் சூழலாகிவிடுகிறது!

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டிலேயே உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குக் கழுத்துக் கழலை இருந்தது. பாட்டிக்கு இருந்தது, அம்மாவுக்கு இருந்தது, மகளுக்கும் வந்தது. குடும்பத்தில் ஓடும் நோய் என்று பார்த்தவுடன் சொல்லத் தோன்றும். உண்மையில் அங்கே ஓடியது இரத்தம் அல்ல, மழைநீர். மலைச்சரிவின் மண்ணிலிருந்து அயோடின் சத்தை மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. 1956இல் மருத்துவர் இராமலிங்கசுவாமி குழுவினர் அப்பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்டவர்களிடம் கழலை பாதியளவுக்கோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, மற்றவர்களிடம் குறையவில்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் மரபணுவில் வருவது என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு குடும்பம் மரபணுவை மட்டுமா பகிர்ந்துகொள்கிறது? கிணற்றையும் அடுப்பையும் வறுமையையும் சேர்த்துத்தானே பகிர்ந்துகொள்கிறது.

இந்த வேறுபாடு புரியாமல் போனதால் நேர்ந்த கொடுமைகளை வரலாறு மறக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வறுமையும் குற்றமும் அறிவுக்குறைவும் இரத்தத்தில் வருபவை, அத்தகையோர் பிள்ளை பெறாமல் தடுத்தால் சமுதாயம் தூய்மையாகும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கேரி பக் என்ற ஏழை இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒப்பினார்கள். ஒப்பாத ஒருவர் கத்தோலிக்கரான பியர்ஸ் பட்லர். அறிவுக்குறைவு மூன்று தலைமுறைகளாக வருகிறது என்பதுதான் வாதம். மூன்றாம் தலைமுறையாகச் சொல்லப்பட்ட கேரி பக்கின் மகள், பின்னாளில் பள்ளியில் நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள்! 1930 டிசம்பர் 31 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் 'காஸ்தி கொன்னூபி' என்ற சுற்றுமடலில் இத்தகைய கட்டாயக் கருத்தடையைக் கண்டித்தார். 1933இல் ஹிட்லரின் அரசு அதையே சட்டமாக்கி, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேருக்குக் கருத்தடை செய்தது. அடுத்த கட்டமாக ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொல்லத் தொடங்கியபோது, 1941 ஆகஸ்ட் 3 அன்று மூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலன் மறையுரை மேடையில் நின்று அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2005இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர் அவர்.

மரபணுவை மட்டும் நம்பியவர்கள்தான் கொடுமை செய்தார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அப்படி ஆவதற்குத் தாயின் அன்பற்ற குளிர்ந்த மனமே காரணம் என்ற கருத்து 1950களிலும் 60களிலும் மேலைநாடுகளில் பரவியிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதற்கு வலுச்சேர்த்தது. எத்தனை தாய்மார்கள் தங்கள் பிள்ளையைத் தாங்களே கெடுத்துவிட்டதாக நினைத்து அழுதிருப்பார்கள்! 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பது தெரியவந்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்களின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்கிவைத்தது மரபணு அறிவுதான்.

நம்மில் பெரும்பாலோரைத் தொடுவது இத்தகைய அரிய நோய்கள் அல்ல. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், குடி போன்றவை. இவற்றில் ஒரு மரபணு அல்ல, நூற்றுக்கணக்கானவை சேர்ந்து சிறிது சிறிதாக வேலை செய்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு போதும். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் பீமாக்களும் ஒரே மரபுவழியினர். அரிசோனா பீமாக்களின் ஆற்றுநீரைக் குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் திருப்பிக்கொண்டதால், அவர்களின் வேளாண்மை அழிந்து, கடை மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உணவாயின. 2006இல் வெளிவந்த ஆய்வில் அரிசோனா பீமாக்களில் 38 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். வயலில் உழைக்கும் மெக்சிகோ பீமாக்களில் 6.9 விழுக்காடு.

குடியைப் பற்றி நம் பங்குகளில் அதிகம் பேசப்படுவதால் ஒரு விளக்கம். குடிநோய்க்கு ஆளாவதில் மனிதர்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, குடிகாரரின் மகன் பாதிக் குடிகாரனாகவே பிறக்கிறான் என்று பெண் கொடுக்க மறுப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு ஒரு கூட்டத்தில் உள்ள வேறுபாட்டைச் சொல்வது. எந்தத் தனி மனிதரின் நாளையையும் சொல்வதல்ல. உயரத்தைப் பாருங்கள். நல்ல உணவு கிடைக்கும் நாடுகளில் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபணு சார்ந்தது. அப்படியிருந்தும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு ஆண்டுகளில் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அவர்களுடைய மரபணு மாறவில்லை, சோறு மாறியது. குடிகாரத் தந்தையின் மகனுக்கு இந்த அறிவு ஒரு நன்மை செய்யும். மற்றவர்கள் 'சும்மா ஒரு வாய்' என்று தொடங்குவது தனக்கு எளிதில் நிற்காமல் போகலாம் என்பதை அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். கிண்ணத்தைத் தொடாதவரிடம் அந்த மரபணுக்களால் அவரைக் குடிநோயாளி ஆக்க முடியாது.

அண்மையில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. கத்ரீ தொடங்கிவைத்த குதிகால் இரத்தச் சோதனை இன்று நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் தானாகச் செய்யப்படுவதில்லை. பினைல்கீட்டோனூரியா நம்மிடையே அரிது. ஆனால் அதே இரத்தத் துளியில், பிறவித் தைராய்டு குறைபாட்டையும் கண்டுபிடிக்கலாம். அது அவ்வளவு அரிதல்ல. உரிய நேரத்தில் தெரிந்தால், விலை குறைந்த ஒரு சிறு மாத்திரையை நாள்தோறும் கொடுத்துக் குழந்தையின் மூளையைக் காப்பாற்றிவிடலாம். தெரியாமல் மாதங்கள் கடந்தால் இழந்தது திரும்பாது. உறவுக்குள் மணந்தவர்களும், ஏற்கெனவே ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்தவர்களும், பேற்றுக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்து இரண்டு, மூன்று நாட்களுக்குள், வீட்டுக்குப் புறப்படும் முன் இரத்தம் எடுத்தார்களா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.